அமைச்சர் பதவியேற்பு உறுதிமொழி: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம்

அமைச்சராகப் பொறுப்பேற்பவர் பணியைத் தொடங்குமுன் ஆளுநர் முன்னிலையில் எடுக்கும் சத்தியம். மாநில அமைச்சர்களுக்கு இந்திய அரசியலமைப்பின் 164(3) ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. வாசகம் மூன்றாம் அட்டவணையில் உள்ளது. பதவி உறுதிமொழி, இரகசியக் காப்பு உறுதிமொழி என இது இரண்டு பகுதி. விருதுநகர் மாவட்டத்தின் வானம் பார்த்த பூமியான அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ஒரு முதலமைச்சரையும் சில அமைச்சர்களையும் இந்த மேடைக்கு அனுப்பியவை.

தோற்றம்

1935 ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் சட்டமன்ற உறுப்பினர்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசம் உரைத்தே அவையில் அமர்ந்தார்கள். 1950 ஜனவரி 26 முதல் மன்னர் இருந்த இடத்தில் அரசியலமைப்பு வந்தது. அன்று சென்னை மாநில முதலமைச்சராக இருந்தவர், இவ்வட்டாரம் அடங்கியிருந்த பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் இராஜபாளையத்துக்காரர் பூ. ச. குமாரசாமி ராஜா. அதே மாவட்டத்தின் விருதுநகரில் பிறந்த காமராசர் 1954 ஏப்ரல் 13 அன்று முதலமைச்சரானார்.

வாசகம்

கடவுள் பெயரால் ஆணையிடலாம். உளமார உறுதி கூறலாம். சட்டத்தின் முன் இரண்டும் சமம். அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத், மகாவீர் தியாகி போன்றோர் கடவுள் பெயர் இடம்பெற வேண்டும் என வாதிட்டார்கள். நம்பாதவரின் மனச்சாட்சிக்கும் சபை இடம் வைத்தது. 1967 மார்ச் 6 அன்று அண்ணா அமைச்சரவை உளமார உறுதி கூறியே பொறுப்பேற்றது.

இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்ற தொடர் 1963 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தத்தால் சேர்ந்தது. திராவிட நாடு கோரிக்கையை மனத்தில் கொண்டு வந்த திருத்தம் அது. தி.மு.க. அக்கோரிக்கையைக் கைவிட்டது; நான்கே ஆண்டில் அக்கட்சியின் தலைவர் அண்ணா அதே தொடரைச் சொல்லி ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

வட்டாரத்திலிருந்து

1977 தேர்தலில் அருப்புக்கோட்டையில் வென்ற எம். ஜி. இராமச்சந்திரன் ஜூன் 30 அன்று முதலமைச்சராக உறுதிமொழி ஏற்றார். தொகுதி மறுசீரமைப்பில் உருவான திருச்சுழி, 2011 இல் முதல் தேர்தலைக் கண்டது. 2021 மே 7 அன்று ஆளுநர் பன்வாரிலால் புரோகித் முன்னிலையில் அருப்புக்கோட்டையின் கே. கே. எஸ். எஸ். ஆர். இராமச்சந்திரனும் திருச்சுழியின் தங்கம் தென்னரசும் ஒரே நாளில் அமைச்சர்களானார்கள்.

பொருள்

கரிசல் ஊர்களில் வழக்கு முற்றினால் சாமி முன்னால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வார்கள். ஊர் பார்த்திருக்கச் சொன்ன சொல்லை மீறியவருக்கு அந்த ஊரில் முகமில்லை. அமைச்சரின் உறுதிமொழிக்கும் வலிமை இந்தச் சாட்சியத்தில்தான் இருக்கிறது. அச்சமும் ஒருதலைச் சார்பும் இன்றி, விருப்பு வெறுப்பு இல்லாமல், எல்லா மக்களுக்கும் அரசியலமைப்பின்படி நியாயம் செய்வதாக அவர் சொல்கிறார். அந்தச் சொல்லுக்குத் தனக்கு வாக்களிக்காத தெருவும் உட்பட்டது. கண்மாய் நீருக்கும் தறி வேலைக்கும் மனுக் கொடுக்க வருபவரிடம் எந்தக் கட்சி என்று கேட்க அமைச்சருக்கு உரிமையில்லை. கேட்டால், மனுக்காரர் அந்த உறுதிமொழியையே எடுத்துச் சொல்லலாம்.