டிக்கோயாவின் துரைமார் கோயில்

ஹட்டனுக்கு அப்பால், டிக்கோயாவின் தேயிலைச் சரிவுகளிடையே நிற்கும் வார்லி கிறிஸ்து ஆலயத்தைக் காணச் செல்வோர் அதன் எழிலில் மயங்கித் திரும்புதல் வழக்கம். மயங்கத்தக்க எழில்தான். ஆயினும் ஒரு கட்டடம் எக்காலத்தில், எவர் பொருட்டு எழுந்தது என்று வினவாத ரசனை அரைகுறை ரசனையே. இவ்வாலயம் எழுந்த ஆண்டு 1878.

அவ்வாண்டின் பொருளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1876 முதல் 1878 வரை தமிழகத்தைச் சூறையாடிய கொடும் பஞ்சத்தை மக்கள் தாது வருடப் பஞ்சம் என்றே இன்றும் நினைவுகூர்வர். அப்பஞ்சத்துக்குத் தப்பிய பெருங்கூட்டம் கங்காணிமாரின் பின்னே கடல் கடந்து, மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுவழி நடந்து இம்மலைகளை அடைந்தது. நடந்தோர் அனைவரும் வந்து சேரவில்லை. வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பலர். இங்கோ கோப்பியின் பொற்காலம் முடிந்துகொண்டிருந்தது. இலைநோய் 1869 இலேயே இலங்கையில் தலைகாட்டிவிட்டது. எனினும் உலகச் சந்தையில் விலை உயர்ந்து நின்றமையால், துரைமார் டிக்கோயாக் காடுகளை அழித்துக் கோப்பி நட்டவண்ணம் இருந்தனர். அடுத்த பத்தாண்டுக்குள் கோப்பி மாண்டது. இன்று ஆலயத்தைச் சூழ்ந்திருக்கும் தேயிலை அதன் பின்னரே மலைகளைப் போர்த்தது. தேயிலையைவிட மூத்தது இக்கோயில்.

புகையிரதம் 1874 இல் நாவலப்பிட்டிவரை வந்து நின்றது. ஹட்டனை எட்டியது 1884 இல். ஆகவே கொழும்பிலிருந்து கொணரவேண்டிய எப்பொருளும் நாவலப்பிட்டியிலிருந்து மலைப்பாதை வழியே ஏறியாக வேண்டும். அப்பாதைகளை வெட்டியோர் பெரும்பாலும் தென்னிந்தியத் தொழிலாளரே.

கல்லாலான சுவர், கூர்முனை வளைவுச் சாளரங்கள், வண்ணக் கண்ணாடி, செங்குத்தாகச் சரியும் கூரை: இங்கிலாந்தின் கிராமக் கோயிலொன்றைப் பெயர்த்து வைத்தாற்போன்ற தோற்றம். இதனைக் கோதிக் பாணி என்பர். ஐரோப்பிய மத்திய காலத்துக்குரிய இப்பாணியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் புதுப்பித்தனர். கூர்வளைவே கிறிஸ்தவத்துக்கு இயல்பான வடிவம் என்று பியூஜின் போன்ற சிற்பவல்லுநர் வாதிட்டனர். பனிநாட்டுக்கு வகுத்த சரிவுக்கூரை எங்கள் தென்மேல் பருவமழைக்கும் பொருந்தி வந்தது நல்வாய்ப்பு. ஆனால் வேறு வடிவம் இயலாததன்று. கண்டித் திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயம், அதே அங்கிலிக்கன் சபைக்குரியது. கஸ்டர் என்னும் குருவானவர் வகுத்த திட்டப்படி செதுக்குத் தூண்களோடு இந்நாட்டுப் பழம்பாணியில் எழுந்து 1935 இல் பிரதிட்டை பெற்றது. டிக்கோயாத் துரைக்கு அத்தகைய எண்ணம் எழ நியாயமில்லை. அவன் வேண்டியது தாய்நாட்டின் ஞாயிற்றுக்கிழமை.

தொழிலாளருக்கோ தனி ஏற்பாடு. 1854 இல் தோட்டத்துரைமார் சிலரின் முயற்சியால் தோன்றி, சி.எம்.எஸ். சங்கத்தோடு இணைந்த அவ்வேற்பாட்டின் பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் லயங்கள்தோறும் சென்று போதித்தனர். அவர்தம் செலவுக்குத் துரைமார் சந்தா கொடுத்தனர். அதில் பக்தியும் இருந்தது, தோட்ட ஒழுங்கு பற்றிய கணக்கும் இருந்திருக்கும். இம்மிஷன் எவர் ஆணைக்குட்பட்டது என்பதே 1876 இல் பெரும் பூசலாயிற்று. புதிதாக வந்த இளம் அத்தியட்சர் கொப்பிள்ஸ்டன், சி.எம்.எஸ். குருமாரின் அனுமதிப் பத்திரங்களை மீட்டுக்கொள்ளுமளவுக்கு அது முற்றியது. கூலிகளின் ஆன்மாவுக்கு அதிகாரி அத்தியட்சரா, சங்கமா என்று இரு தரப்பாரும் வழக்காடினர். கூலிகளை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பணத்தின் கதை இதனினும் கூர்மையானது. அங்கிலிக்கன், பிரெஸ்பிற்றேரியன் குருமார் பலருக்கு அக்காலத்தில் அரசாங்கமே சம்பளம் வழங்கிற்று. பொது வருமானத்திலிருந்து வழங்கிற்று. இறக்குமதி அரிசிமீது விதித்த தீர்வையும் அப்பொது வருமானத்தில் சேர்ந்ததே. தோட்டத் தொழிலாளி உண்டது இறக்குமதி அரிசி. மாரியம்மனுக்குப் பொங்கலிட்டவனின் உலைச்சோற்றிலிருந்து துரையின் குருவானவருக்கும் ஒரு பங்கு போயிற்று. 1881 இன் சட்டமே இம்மானியத்தை முடிவுக்குக் கொணர்ந்தது. அதுவும் ஐந்தாண்டுத் தவணை கொடுத்து.

ஆலயத்தை அடுத்த இடுகாட்டில் ஆங்கிலப் பெயர்கள் கல்லில் நிற்கின்றன. இளவயதில் மாண்டோரும் அங்கு உறங்குகின்றனர்; அவர்க்காக இரங்குதல் மனித இயல்பே. சற்று அப்பால் பொகவந்தலாவை தூய மரியாள் ஆலய முற்றத்தில் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1879 இல் அடக்கம்பெற்றார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் மறு ஆண்டில். கோல்புறூக்குடன் விசாரணைக்கு வந்து, இராஜகாரியம் ஒழியக் காரணரானவர் அக்கணவர். பின்னர் அவரே இங்கு கோப்பித் தோட்டங்களை வாங்கினார். இங்கிலாந்தில் டெனிசன், டார்வின் ஆகியோரைப் பெயர்சொல்லிப் படமெடுத்த அம்மையார், இலங்கையில் எடுத்த படமொன்றுக்கு இட்ட தலைப்பு 'களுத்துறைக் குடியானவர் குழு'.

லயத்து மாந்தர் மாண்டபோது தேயிலைக்கிடையே, கான்கரையிலே, கல்லின்றிப் புதைக்கப்பட்டனர். இதில் வியப்பில்லை என்போர் 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தை ஒருகால் படித்துப் பார்க்கட்டும். தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்று காட்டு. அன்றேல், நீயும் இங்கு பிறந்து, உன் பாட்டனும் முப்பாட்டனும் இங்கு பிறந்தமையைக் காட்டு என்றது அச்சட்டம். கல்லிலும் ஏட்டிலும் பெயர் பெறாதவரின் பேரப்பிள்ளைகளிடம் கேட்கப்பட்ட கேள்வி அது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964 இல் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கென எழுதிவைத்தது. ஆலயத்தின் கீழே காசல்ரீ நீர்த்தேக்கம் நிரம்பியதும் அக்காலத்திலேதான். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு, முப்பாட்டனைக் கேளாது, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வாழ்ந்ததையே சான்றாக ஏற்றுக் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003 இல் வந்தது.