காற்றும் ஒளியும்: மும்பைக் குடியிருப்புகளின் வரலாறு

ஒரு மாநகரின் வரலாற்றை அறிய விழைவோர் அதன் கோட்டைகளையும் மாளிகைகளையும் நாடிச் செல்வது வழக்கம். மக்கள் உண்டு உறங்கிப் பிள்ளைகளை வளர்த்த தெருக்களிலும் அவ்வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. அந்நாளில் பம்பாய் என வழங்கிய மும்பையின் குடியிருப்புகளை இந்நோக்கில் காண்போம். காற்றும் ஒளியும் யாருக்கு எந்த அளவில் கிடைத்தன என்ற கேள்வியே நமக்கு வழிகாட்டியாக அமையட்டும்.

1850-களில் பம்பாயில் முதல் பஞ்சாலை தோன்றியது. பின்னர் ஆலைகள் பெருகப் பெருக, கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் தொழிலாளர் வந்து குவிந்தனர். அவர்களுக்காக எழுந்தவை ‘சால்’ எனப்படும் கட்டடங்கள். நீண்ட தாழ்வாரம், அதையொட்டி வரிசையாக ஒற்றை அறைகள், அனைவருக்கும் பொதுவான குழாயும் கழிப்பிடமும் என்பதே அவற்றின் அமைப்பு. ஓர் அறையில் ஒரு குடும்பமும், உடன் ஊரிலிருந்து வந்த உறவினரும் வாழ்ந்தனர். இரு கட்டடங்களுக்கு இடையே பல இடங்களில் ஒரு சாக்கடைச் சந்து மட்டுமே இருந்தது.

1896-ஆம் ஆண்டு செப்டம்பரில், துறைமுகத்தை அடுத்த மாண்டவி பகுதியில் பிளேக் நோய் தோன்றியது. மாண்டவர் பலர், நகரை விட்டு ஓடியவர் அவர்களினும் பலர். 1891-இல் 8,20,000-க்கு மேலிருந்த நகரின் மக்கள் தொகை 1901-இல் ஏறத்தாழ 7,76,000 ஆகக் குறைந்தது. எலியும் தெள்ளுப்பூச்சியும் நோயைப் பரப்புகின்றன என்பது அப்போது நிலைநாட்டப்படவில்லை. இருளும் ஈரமும் நிறைந்த வீடுகளே நோயின் உறைவிடம் என்று அதிகாரிகள் கருதினர்.

இக்கருத்தின் விளைவாக 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு நிறுவப்பெற்றது. கடற்காற்று நகரின் உட்பகுதிக்குச் செல்லும்படி பிரின்ஸஸ் தெரு, சாண்ட்ஹர்ஸ்ட் சாலை போன்ற அகன்ற வீதிகளை அது வெட்டியது. டிரஸ்டின் தலைவராக விளங்கிய ஓர் என்பவர் வீடுகளுக்கு ஒளி கிடைக்க ஒரு கணக்கையும் வற்புறுத்தினார். 63½ பாகைக் கோணத்தில் சன்னலுக்கு வானம் தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். எதிரேயுள்ள கட்டடத்தின் உயரத்தில் பாதியளவேனும் இடையில் திறந்த வெளி இருந்தால் இது நிறைவேறும். நல்ல நோக்கந்தான், ஆயினும் வீதிகளுக்காக வீடிழந்த ஏழைகள் பலர் அடுத்த தெருவிலிருந்த சால்களில் புகுந்தனர். அங்கே நெரிசல் மேலும் மிகுந்தது.

டிரஸ்டின் எண்ணம் முழு வடிவம் பெற்றது நகருக்கு வடக்கே, தாதர்–மாதுங்கா பகுதியில். வீடுகள் எழுமுன்பே அங்கே சாலைகளும் பூங்காக்களும் திட்டமிடப்பட்டன. டிரஸ்டின் பொறியாளரான மஞ்சேர்ஜி ஜோஷியின் முயற்சியால் பார்சி காலனி உருவாயிற்று. அங்குள்ள ஐந்து பூங்காக்கள் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. மாதுங்காவில் தென்னிந்தியர், சிறப்பாக அலுவலகங்களில் பணியாற்றிய தமிழர், பெருந்தொகையினராகக் குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே தோன்றியது.

இங்கு பரவிய ‘பிளாட்’ வீட்டில் ஒரு புதுமையைக் காண்கிறோம். வீட்டிற்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த கழிப்பறை, நீர்க்குழாயின் துணையோடு வீட்டினுள்ளேயே இடம் பெற்றது. ஆசாரம் மிக்க குடும்பங்களுக்கு இது எளிதில் மனங்கொள்ளத் தக்க மாறுதலன்று. இருப்பினும் நகர வாழ்வின் வசதி பழைய தயக்கத்தைச் சிறிது சிறிதாக வென்றது.

தொழிலாளருக்குக் கிடைத்தது என்ன? 1920-இல் அமைந்த பம்பாய் வளர்ச்சித் துறை வொர்லி, நாய்காவ், லோயர் பரேல், சிவ்ரி ஆகிய இடங்களில் 207 சால்களைக் கட்டியது. தரைத்தளமும் அதன் மேல் மூன்று மாடிகளும் கொண்ட காங்கிரீட் கட்டடங்கள் அவை. ஒவ்வொன்றிலும் 80 அறைகள். ஒவ்வோர் அறையும் 160 சதுர அடி. கழிப்பிடம் முன்போலவே பொதுவானது. ஒரே காலத்தில், ஒரே நகரில், பூங்காவைச் சூழ்ந்த பிளாட்டும் ஒற்றை அறையும் எழுந்தன. இரண்டையும் பிரித்தது வாடகை செலுத்தும் ஆற்றலே.

இவ்விரு உலகங்களையும் கண்ட பெரியார் ஒருவர் உண்டு. டாக்டர் அம்பேத்கரின் குடும்பம் பரேலில் மேம்பாட்டு டிரஸ்டு கட்டிய சாலில் இரண்டு சிறு அறைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. 1930-களில் தாதர் இந்து காலனியில், தம் நூல்களுக்குப் போதிய இடம் அமையுமாறு அவர் ‘ராஜகிருகம்’ என்னும் இல்லத்தை எழுப்பினார். பரேலிலிருந்து தாதர் நெடுந்தூரமன்று. ஆனால் அச்சிறு தூரத்தைக் கடக்க எத்தனை பேரால் இயன்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1930-களில் கடலைத் தூர்த்த நிலத்தில், மரைன் டிரைவ் பகுதியில், வளைந்த மாடி முகப்புகளுடன் எழுந்த ஆர்ட் டெக்கோ இல்லங்கள் 2018-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் இடம் பெற்றன. வளர்ச்சித் துறையின் சால்களோ இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுகின்றன. 2025-இல் வொர்லியில் 556 குடும்பங்களுக்கு 500 சதுர அடி வீடுகள் வழங்கப்பெற்றன. நூறாண்டுக் காத்திருப்புக்குப் பின் கழிப்பறை வீட்டினுள் வந்தது பெரும் பேறே. அண்டை அயலார் கூடிப் பேசிய நீண்ட தாழ்வாரம் மட்டும் பழைய கட்டடத்தோடு மறைந்தது.

புதிய வீடுகளை மதிப்பிடும்போது சதுர அடியோடு நாம் நின்றுவிடலாகாது. கீழ்த்தளத்துச் சன்னலில் நின்று பார்ப்பவருக்கு வானம் எவ்வளவு தெரிகிறது என்பதையும் அளந்து பார்ப்போமாக. பிளேக் நோய் எழுப்பிய அக்கேள்விக்கு நகரம் இன்னும் முழு விடை அளித்துவிடவில்லை.