நேஷனல் பாஸ்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னிக்கு மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், வென்ட்வொர்த் ஃபால்ஸ் ஊரை ஒட்டிய செங்குத்துப் பாறைச் சுவரின் நடுவே செல்லும் நடைபாதை. ப்ளூ மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவுக்குள் அமைந்தது. வென்ட்வொர்த் அருவியின் தலைப்பிலிருந்து படிகளில் இறங்கி, பாறையின் இடுப்பளவில் ஓடும் குறுகிய விளிம்பைப் பற்றிச் சென்று, வேலி ஆஃப் த வாட்டர்ஸ் பள்ளத்தாக்கு வழியே மீண்டும் மேட்டுக்கு ஏறுகிறது. நிதானமாக நடப்பவர்களுக்குச் சில மணி நேரம் பிடிக்கும். ஒருபுறம் பாறை, மறுபுறம் யூகலிப்டஸ் காடு நிறைந்த ஆழம். சுற்றுலா நூல்கள் இதை இயற்கையின் அதிசயமாகவே எழுதுகின்றன. அது பாதி உண்மைதான். விளிம்பைத் தந்தது பாறை. அதைப் பாதையாக்கியதும், இன்றுவரை பாதையாக வைத்திருப்பதும் மனித உழைப்பு.

விளிம்பு உருவான விதம் இதைத் தெளிவாக்கும். இங்குள்ள பாறைகள் டிரையாசிக் காலத்தவை. மேலே பேங்க்ஸ் வால் மணற்பாறை, கீழே புர்ரா-மோகோ ஹெட் மணற்பாறை; இரண்டும் கெட்டியானவை. இவற்றுக்கு நடுவில் மவுண்ட் யார்க் களிப்பாறை என்ற மெல்லிய, மென்மையான அடுக்கு கிடக்கிறது. மழைநீர் மணற்பாறையின் துளைகளிலும் வெடிப்புகளிலும் இறங்கி, களிப்பாறையைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் கசிந்து வெளியேறுகிறது. பாதையில் நடக்கும்போது தோளுயரப் பாறையிலிருந்து ஓயாமல் சொட்டும் நீரும், அந்த ஈரத்தில் ஒட்டி வளரும் பெரணிகளும், கவட்டை இலைகளில் பசைத்துளி ஏந்திய பூச்சியுண்ணிச் செடிகளும் இந்தக் கசிவால் வந்தவை. ஈரம்பட்ட களி உதிர்கிறது. கெட்டிப் பாறை நிற்கிறது. இடையில் ஒரு திண்ணை மிஞ்சுகிறது. ஆனால் அடிப்பகுதி அரித்த மண்சுவர் சரிவதுபோல, தாங்குதல் இழந்த மேற்பாறையும் செங்குத்து வெடிப்புகள் வழியே பாளம் பாளமாகப் பிரிந்து விழும். நடக்க இடம் கொடுத்த அதே அரிப்புதான் ஆபத்துக்கும் மூலம். இரண்டையும் பிரித்துப் பேச முடியாது.

1836 ஜனவரியில் இந்த அருவிக்கு வந்த சார்லஸ் டார்வின், பள்ளத்தாக்கின் அகலத்தைக் கண்டு, இதைக் கடல்தான் குடைந்திருக்க வேண்டும் என்று கருதினார். சிற்றோடைகளால் இவ்வளவு பெரிய வெளியைத் தோண்ட முடியாது என்பது அவர் வாதம். காலத்தின் நீளத்தை நன்கு உணர்ந்த அவரே இங்கே தவறினார். கசிவும் பாறைச் சரிவும் சேர்ந்து பள்ளத்தாக்கை அகலப்படுத்தும் என்பதைப் பின்வந்த நிலவியல் நிறுவியது. ஐரோப்பியர் வருமுன்பே தாருக், குண்டுங்குர்ரா மக்கள் வாழ்ந்த நிலம் இது. அருகிலுள்ள கிங்ஸ் டேபிள்லேண்டில் மனிதர் தங்கிய தடயங்கள் சுமார் 22,000 ஆண்டுகள் பழமையானவை. இன்றைய பாதையோ ரயில் கொண்டுவந்த சுற்றுலாவின் குழந்தை. 1867-இல் ரயில் எட்டியபின் சிட்னிவாசிகள் குளிர்ச்சி தேடி மலைக்கு வரத் தொடங்கினர். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், ‘ஐரிஷ் பிரிகேட்’ என்று பெயர்பெற்ற ஒரு சிறு குழு பிக்காசு, மண்வெட்டி, கடப்பாரை, வெடிமருந்து ஆகியவற்றைக் கொண்டே விளிம்பை அகலப்படுத்தியது. அருவியோரச் செங்குத்துப் பாறையில் படிகளை வெட்டியதும் அவர்களே.

வெட்டிய படியும் அடுக்கிய கல்லும் காட்டின் இயல்பைக் கெடுக்கின்றன என்போர் உண்டு. பாதை இல்லாவிட்டால் மக்கள் வராமலா இருப்பார்கள்? கண்ட இடத்தில் இறங்கி, கசிவுநிலங்களை மிதித்துக் குழைப்பார்கள். வென்ட்வொர்த் ஃபால்ஸுக்கும் கட்டூம்பாவுக்கும் இடையிலுள்ள அருவிச் சாரலில் மட்டுமே வளரும் குட்டை மலைப்பைன் போன்ற அரிய இனத்துக்குப் பாதையின் ஒழுங்கே காவல். கற்கள் தேய்ந்து, மண் அரித்துப்போன பாதையை நியூ சவுத் வேல்ஸ் தேசியப் பூங்கா மற்றும் வனவிலங்குச் சேவை பழைய கல்வேலை முறையிலேயே சீரமைத்து, 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருதைப் பெற்றது. மெச்சத் தகுந்த வேலை.

கனமான மறுப்பு இன்னொன்று. 2022 ஏப்ரலில் கீழுள்ள வென்ட்வொர்த் பாஸ் பாதையில் பாறை சரிந்து, நடந்து சென்ற ஒரு குடும்பத்தில் இருவர் உயிரிழந்தனர், ஒருவர் சிறுவன். இத்தகைய இடத்தில் பொதுமக்களை நடக்கவிடலாமா என்ற கேள்வி நியாயமானது. விழும் பாறையை எந்தக் கல்வேலையும் தடுக்காது. கனமழைக்குப் பின் மூடுவதும், நிபுணர் பார்வையிட்ட பிறகே திறப்பதும், எச்சரிக்கையை மறைக்காமல் சொல்வதும் பராமரிப்பின் பகுதிகளே. இவற்றைச் செய்துவரும் வரை நிரந்தரத் தடை தேவையில்லை. செய்ய முடியாத பகுதியை எத்தனை ஆண்டானாலும் மூடியே வைக்க வேண்டும். விளிம்பில் இறங்கத் தயங்குவோருக்கு மாற்றுவழியும் உண்டு: 2024-இல் இதே ஊரிலிருந்து கட்டூம்பா வரை பாறை உச்சியை ஒட்டிய கிராண்ட் கிளிஃப் டாப் வாக் என்ற நடைபாதை திறக்கப்பட்டது. நேஷனல் பாஸின் பகுதிகள் அவ்வப்போது மூடப்படுவதால், புறப்படுமுன் பூங்கா அறிவிப்பைப் பார்க்க வேண்டும்.