செஞ்சோற்றுக் கடனிலிருந்து உறுதிமொழி வரை

‘விசுவாசம்’ என்ற சொல்லை இன்று கட்சித் தொண்டருக்கும் வீட்டு நாய்க்கும் ஒன்றுபோலவே பயன்படுத்துகிறோம். நாய்க்கு அது பொருந்தும் என்பதற்குக் கல்வெட்டுச் சான்றே உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று கிடைத்தது. அதில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் பொறித்திருக்கிறார்கள்.

பழந்தமிழ் மரபு இந்தப் பண்பைக் கடன் என்று சொன்னது. சோறிட்டவனுக்கு உயிரைக் கொடுத்து அடைப்பதே செஞ்சோற்றுக் கடன். தன்னைப் புரந்தவன் கண்கலங்கும்படி வரும் சாவை இரந்தாவது பெறலாம் என்கிறது திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம். அங்கே கடன் ஆளுக்கும் ஆளுக்கும் இடையிலானது. கொடுத்தவன் முகம் தெரியும்.

அந்த முகம் மங்கத் தொடங்கிய கட்டத்தை வேளைக்காரப் படைகளில் பார்க்கலாம். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் இப்படைகள் பல பெயர்களில் வருகின்றன. வேளை வரும்போது உயிர் தருவோர் என்று பெயருக்குப் பொருள் சொல்வோர் உண்டு. ஆனால் இவர்களைப் பற்றிய சிக்கலான சான்று இலங்கையில்தான் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் இலங்கை மன்னன் முதலாம் விசயபாகு, தன் தூதர்களைச் சோழ மன்னன் அவமதித்ததற்காகப் படை திரட்டினான். அவனிடம் ஊதியம் பெற்ற வேளைக்காரர் போக மறுத்துக் கலகம் செய்தார்கள். தளபதிகளைக் கொன்று, அரண்மனைக்குத் தீயிட்டு, அரசனின் தங்கை மித்தாவைப் பிள்ளைகளோடு சிறைபிடித்தார்கள் என்கிறது சூளவம்சம். அரசன் தப்பி ஓடி, மீண்டும் வந்து கலகத்தை ஒடுக்கினான்.

இதை இனப்பற்று என்று படிப்பது எளிது. பொலன்னறுவைத் தமிழ்க் கல்வெட்டு அதற்கு இடம் தரவில்லை. விசயபாகு இறந்தபின் இதே வேளைக்காரர் புத்தரின் பல் வைக்கப்பட்ட கோயிலைத் தம் காவலில் ஏற்றார்கள்; தாம் அழிந்தாலும் செத்தாலும், தம் வழிமரபு உள்ளவரை காப்போம் என்று கல்லில் வாக்குக் கொடுத்தார்கள். மன்னனுக்கு எதிராக வாள் தூக்கியவர்கள் மன்னரின் அரசுரிமைச் சின்னமான பல்லுக்குக் காவலாகிறார்கள்! என் வாசிப்பில், அவர்களின் பற்று முதலில் தங்கள் படைக்கூட்டத்தின் மீது. அது கொடுத்த வாக்கின் மீது. அரசன் அதற்குப் பிறகுதான்.

பிரிட்டிஷ் ஆட்சி இந்தப் பற்றை மீண்டும் ஓர் ஆளுக்குரியதாக மாற்றியது. அந்த ஆளோ கடல் கடந்து இருந்தார். 1870இல் தண்டனைச் சட்டத்தில் 124அ பிரிவு சேர்ந்தது. அரசின்மீது அன்பில்லாமையைத் தூண்டுவதே குற்றமானது. சோறு போடாதவனிடமும் அன்பு காட்ட வேண்டும் என்று சட்டம் கேட்டது அப்போதுதான். 1908 சூலையில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு ராஜத்துரோகத்துக்கு 20 ஆண்டும், சுப்பிரமணிய சிவாவுக்கு அவர் உடந்தையாக இருந்ததற்கு மேலும் 20 ஆண்டும் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ராஜபக்தியும் தேசபக்தியும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்போடு ஊருக்கெல்லாம் தெரிந்துபோனது. 1945இல் செங்கோட்டையில் நடந்த இந்திய தேசிய ராணுவ வழக்கில் புலாபாய் தேசாய் வாதாடியதும் இந்த முரணை வைத்துத்தான். அவ்வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற மூன்று அதிகாரிகளும் 1946 சனவரியில் விடுவிக்கப்பட்டார்கள்.

விடுதலைக்குப் பின் பற்றுக்கு உரிய இடத்தில் அரசன் இல்லை. அரசமைப்புச் சட்டம் வந்து அமர்ந்தது. திராவிட நாடு கோரிக்கை வலுத்திருந்த காலத்தில், சி.பி.இராமசாமி அய்யர் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி 1963இல் 16ஆவது திருத்தம் நிறைவேறியது. 1947 சூனில் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று அறிவித்த திவானும் இதே சி.பி.தான் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அத்திருத்தத்தின்படி, தேர்தலில் நிற்பவரே இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதி ஏற்க வேண்டும். அதே ஆண்டு தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. 1967இல் அக்கட்சி வேட்பாளர்கள் அந்த உறுதிமொழியை ஏற்றே தேர்தலில் நின்றார்கள். மார்ச் 6 அன்று அண்ணா முதலமைச்சரானார்.