வழக்கு இலக்கம் தெரியாதவர்: ஒலுவில் கரையில் நீதிமன்ற ஏடுகளைத் தேடுவது பற்றி

ஒலுவிலில் ஒரு வளவு. உம்மாவுக்கு அவருடைய தாய் சீதனமாகக் கொடுத்தது. உறுதி 2004 டிசம்பர் 26 அன்று அலுமாரியோடு கடலில் போயிற்று. அந்த வளவில் இன்று குடியிருக்கும் மகள் தன் மகளுக்கு அதை எழுதிக் கொடுக்க வேண்டும். எண்பதுகளில் அந்தக் காணியின்மேல் ஒரு பங்கு வழக்கு நடந்ததாக வாப்பா ஒருநாள் சொன்னது மட்டும் நினைவில் இருக்கிறது. வழக்காளி யார், எந்த நீதிமன்றம், முடிவு என்ன என்பதெல்லாம் தெரியாது. எந்தப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனாலும் அவரிடம் முதலில் கேட்கப்படுவது ஒன்றுதான்: வழக்கு இலக்கம் என்ன?

இந்தப் பெண் நான் கட்டிய உதாரணம். ஆனால் கல்முனையிலிருந்து பொத்துவில் வரை இவரைப் போன்றவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. நீதிமன்ற ஏடுகளைப் பார்க்கும் உரிமை பற்றிய விவாதம் இலங்கையில் பெரும்பாலும் இரகசியம் பற்றியதாகவே நடக்கிறது: எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம், நீதித்துறையின் சுதந்திரம் கெடுமா என்று. மாவட்ட நீதிமன்ற மட்டத்தில் சிக்கல் அதற்கு முந்தியது. கேட்கும் உரிமையைச் சட்டம் தந்துவிட்டது. கண்டுபிடிக்கும் வழியை யாரும் தரவில்லை. சுட்டி இல்லாத ஏட்டறையில் கேட்கும் உரிமை இலக்கம் தெரிந்தவருக்கு மட்டுமே பயன்படும். இலக்கம் தெரிந்தவர் பெரும்பாலும் வழக்கின் கட்சிக்காரர், அவருக்குச் சட்டத்தரணியும் இருப்பார். வெளியில் நிற்பவரின் நிலையே இங்கே என் கேள்வி.

அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடக்க வேண்டும் என்கிறது. குடும்ப உறவு, பாலியல் விடயங்கள், தேசியப் பாதுகாப்பு போன்றவற்றில் மட்டுமே நீதிபதி கதவை மூடலாம். ஆக, 1985இல் யாரும் உள்ளே போய் அந்தப் பங்கு வழக்கைக் கேட்டிருக்கலாம். அன்று சென்று கேட்க முடியாதவருக்கு எஞ்சியிருப்பது வழக்கேடு ஒன்றே. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவை அதற்கு ஏற்பாடு செய்திருக்கிறது: வழக்குத் தொடங்கும் நாளிலேயே நீதிமன்றம் ஒரு நாளேட்டைத் திறந்து, நடந்தது எல்லாவற்றையும் நடந்த ஒழுங்கில் குறித்துவர வேண்டும். அமர்வு முடிந்தபின் அமர்வாக நிற்பது அந்த நாளேடுதான். அமர்வு பகிரங்கம், அதன் எழுத்து அப்படியல்ல என்று கொள்வதற்கு அரசியலமைப்பில் நான் ஆதாரம் காணவில்லை.

சாட்சியக் கட்டளைச் சட்டம் (1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம்) இங்கே கொஞ்சம் கைவிரிக்கிறது. அதன் 74ஆம் பிரிவின்படி நியாயசபைகளின் நடவடிக்கைப் பதிவுகள் பகிரங்க ஆவணங்கள். 76ஆம் பிரிவின்படி, பார்வையிட உரிமையுள்ள ஒருவர் கட்டணம் செலுத்திக் கேட்டால் பொறுப்பான உத்தியோகத்தர் அத்தாட்சிப்படுத்திய பிரதி கொடுக்க வேண்டும். ஆனால் பார்வையிடும் உரிமை யாருக்கு என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தை நூறு ஆண்டுகளுக்கு மேலாக வழக்கம் நிரப்பியது. கட்சிக்காரரின் சட்டத்தரணி பிரேரணை போடுவார், நீதிபதி அனுமதி குறிப்பார், முத்திரைக் கட்டணம் கட்டிப் பிரதி பெறுவார். மூன்றாம் ஆள் வந்தால் "உங்களுக்கு இதில் என்ன சம்பந்தம்?" என்ற கேள்வி முன்னுக்கு வரும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அந்தக் கேள்விக்கு விடை எழுதிவிட்டது என்பது என் வாசிப்பு. பகிரங்க அதிகாரசபை என்பதன் பொருள்கோடலில் அது நீதிமன்றங்களையும், நியாயசபைகளையும், நீதி நிருவாகத்துக்காகத் தாபிக்கப்பட்ட நிறுவனங்களையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது. கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஏனைய எழுத்துச் சட்டங்களோடு முரண்பாடு வந்தால் இச்சட்டமே மேலோங்கும் என்கிறது 4ஆம் பிரிவு. நீதிமன்ற அவமதிப்பாக அமையும், அல்லது நீதித்துறையின் அதிகாரத்துக்கும் பக்கச்சார்பின்மைக்கும் ஊறு செய்யும் தகவலை மறுக்க 5ஆம் பிரிவு இடம் தருகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் முடிந்த ஒரு காணி வழக்கின் தீர்ப்பாணையைக் காட்டுவதால் எந்த நீதிபதியின் பக்கச்சார்பின்மை ஊறுபடும் என்று கற்பனை செய்வது கடினம்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் வேறு விதமாகத் தீர்ப்பளித்ததே என்று இங்கே ஒருவர் எழுந்து சொல்வார், சொல்லத்தான் வேண்டும். குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான அந்த வழக்கில், நீதிமன்ற ஏடுகளின் பிரதியைத் தகவலுரிமைச் சட்டத்தின்கீழ் கேட்க முடியாது, நீதிமன்றத்தின் சொந்த விதிகளின்படியே கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. மூன்றாம் ஆள் காரணத்தைச் சத்தியக்கடதாசியில் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். இந்தியச் சட்டத்திலும் மேலோங்கும் பிரிவு உண்டு. ஆனால் குஜராத் விதியும் தகவல் தருவதற்கு ஒரு வழியே, ஆகவே முரண்பாடு இல்லை என்று அந்த நீதிமன்றம் கருதியது. அந்தத் தர்க்கத்தின் அடிப்படை, மூன்றாம் ஆளுக்கு எழுதிவைத்த ஒரு வழி அங்கே இருந்தது என்பதே. நம் 76ஆம் பிரிவோ அந்த இடத்தில் மௌனமாக இருக்கிறது. மௌனத்தை ஒரு மாற்று வழி என்று கொள்ள முடியாது. அமெரிக்கக் கவுண்டி நீதிமன்றங்களில் எழுத்தரின் மேசைக்குப் போய்ப் பெயரைச் சொல்லிச் சுட்டியில் தேடலாம். அங்கும்கூட 1978இல் நிக்சனின் ஒலிநாடாக்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏடுகளைப் பார்த்துப் பிரதியெடுக்கும் பொதுச்சட்ட உரிமையை ஏற்றுக்கொண்டே, அது வரம்பற்றதல்ல என்றது. வரம்பு இருக்கலாம் என்பதை நானும் மறுக்கவில்லை, பின்னால் வருகிறேன்.

பங்கு வழக்கை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. சாதாரணக் குடியியல் தீர்ப்பு கட்சிக்காரரை மட்டும் கட்டும். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் 48ஆம் பிரிவின்கீழ் வரும் தீர்ப்பாணை, சொற்பமான விதிவிலக்குகளோடு, உலகத்தார் எல்லோரையும் கட்டும். வழக்கில் பெயரே வராத பங்காளியின் உரிமையும் அதில் அற்றுப்போகலாம். அவருக்கு எஞ்சுவது நட்டஈடு கேட்கும் வழக்கு, காணி திரும்பாது. இத்தனை கடுமையான விளைவைத் தருவதால்தான் அந்தச் சட்டம் பகிரங்கத்தை வலியுறுத்துகிறது. வழக்கு நிலுவையில் உள்ளது என்ற குறிப்பை, சட்டத்தரணிகள் லிஸ் பென்டன்ஸ் என்று சொல்வதை, காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். சட்டத்தரணி பதிவேடுகளைப் பார்த்து, உரிமை இருக்கக்கூடியவர்களின் பெயரை மன்றுக்குத் தர வேண்டும். நில அளவையாளர் வரும்போது காணியில் பறையறைந்து அறிவிக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. எல்லோரையும் கட்டும் ஓர் ஆணைக்குப் பறையறைந்து ஆளைக் கூப்பிட்ட அரசு, ஆணை முடிந்தபின் அதே ஏட்டைக் கட்சிக்காரரின் சொத்தாக நடத்துவது எப்படிப் பொருந்தும்? உலகத்தைக் கட்டும் ஏடு உலகத்துக்குத் திறந்திருக்க வேண்டும் என்று வாதிட, தகவலறியும் உரிமைச் சட்டம் இல்லாவிட்டாலும், பிரிவிடல் சட்டமே போதும்.

நம் கரையில் இது இரட்டிப்பாக உறைக்கும். கிழக்கின் முஸ்லிம்களும் தமிழர்களும் வீட்டையும் வளவையும் மகளுக்குக் கொடுக்கும் வழக்கத்தை அக்கரைப்பற்றை மையமாக வைத்து மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்ரே விரிவாக எழுதியிருக்கிறார். காணி பெண்ணின் பெயரில். நீதிமன்றத்துக்கும் பதிவகத்துக்கும் அலைவது பெரும்பாலும் ஆண். அலைந்தவர் மறையும்போது வழக்கு இலக்கமும் அவரோடு மறைந்துவிடுகிறது. துறைமுகத்துக்காகக் காணி சுவீகரிக்கப்பட்ட ஒலுவிலில் இன்னொரு அடுக்கும் உண்டு. 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின்கீழ் உரித்துப் பிணக்கு வந்தால் அது நீதிமன்றத்துக்கு ஆற்றுப்படுத்தப்படலாம்; அங்கே பழைய பங்கு வழக்கின் இறுதித் தீர்ப்பாணையைக் காட்டுகிறவர் பக்கம் எடை விழும்.

இன்று நம் உதாரணப் பெண் என்ன செய்யலாம்? தலைகீழாகப் போக வேண்டும். முதலில் நீதிமன்றம் அல்ல, கல்முனைக் காணிப் பதிவகம். ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் (1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கம்) அங்கே பதிவேட்டை யாரும் கட்டணம் கட்டித் தேடலாம், சம்பந்தம் கேட்கமாட்டார்கள். காணியின் பெயர், ஊர், எல்லைகள், முன்னாள் உரிமையாளர் ஒருவரின் பெயர் ஆகியவற்றைக் கொண்டு உரிய பக்கத்தைப் பிடித்தால், பங்கு வழக்கு நடந்திருந்தால் அந்த நிலுவைக் குறிப்பு அதில் நிற்கும். நீதிமன்றத்தின் பெயரோடும் வழக்கு இலக்கத்தோடும். அந்த இலக்கத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்றப் பதிவாளரிடம் போய், எழுத்தில், தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு வர வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தர், பிறகு ஆணைக்குழு, பிறகு மேன்முறையீட்டு நீதிமன்றம். தீர்ப்பாணை, உரிமைப் பங்கு அட்டவணை, இறுதி வரைபடம் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்பது நல்லது. "முழு வழக்கேடு" என்று கேட்டால் காலம் இழுபடும். 1961க்கு முன் இந்தக் கரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதி என்பதால் அதற்கு முந்திய வழக்கைத் தேடுபவர் மட்டக்களப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்; ஏடு ஆங்கிலத்தில் இருக்கவும் கூடும். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நீதிமன்ற மொழி தெரியாத கட்சிக்காரருக்கு அவர் பெற உரித்துள்ள ஏட்டுப் பகுதியைச் சிங்களத்திலோ தமிழிலோ பெற்றுக்கொள்ளும் உரித்தைத் தருகிறது. மூன்றாம் ஆளுக்கு அது நீளாது.

பாருங்கள், ஒரே அரசு, ஒரே காணி. பதிவகத்தில் காணியின் பெயரால் தேடலாம். நீதிமன்றத்தில் இலக்கத்தால் மட்டும். தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவை நாம் போதிய அளவு வாசிக்கவில்லை என்று நான் நினைப்பது இதனால்தான். ஒவ்வொரு பகிரங்க அதிகாரசபையும் தன் ஏடுகளை முறையாகப் பட்டியலிட்டு, சுட்டியிட்டுப் பேண வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. உரிமை பற்றிய 3ஆம் பிரிவைவிட மாவட்ட நீதிமன்ற வாசலில் நிற்பவருக்கு இதுவே பெரிய பிரிவு. சுட்டியிடுவது நீதிபதியின் தீர்மானத்தில் தலையிடுவதாகாது. அது பதிவாளரின் நிருவாக வேலை. நீதித்துறையின் சுதந்திரம் என்ற தடையும் இங்கே பெரும்பாலும் பொருந்தாது.

எந்தச் சுட்டி என்பதில்தான் வரம்பு பற்றிய கேள்வி வருகிறது. ஆட்களின் பெயரால் அமைந்து, இணையத்தில் யாரும் தட்டிப் பார்க்கக்கூடிய சுட்டியை நான் விரும்பவில்லை. நம் ஊர்கள் சின்னவை. கலியாணம் பேசுமுன் ஒரு குடும்பத்தின் கடன் வழக்கையும் தாபரிப்பு வழக்கையும் துருவ அது வசதி செய்யும். காணி வழக்குகளுக்கு மட்டும், காணியின் பெயராலும் கிராம உத்தியோகத்தர் பிரிவாலும் அமைந்த சுட்டி போதும். வழக்குரையிலேயே காணியின் பெயரும் எல்லைகளும் இருக்கின்றன. புதிதாக எதையும் சேகரிக்க வேண்டியதில்லை, ஏட்டறையில் ஓர் எழுதுவினைஞர் உட்கார்ந்து எழுத வேண்டும். காணிக்கு மானம் கிடையாது. தனிப்பட்ட விவரம் குறுக்கிட்டால் அதை நீக்கி மிச்சத்தைக் கொடுக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு வழிசெய்கிறது.

காழி நீதிமன்ற ஏடுகளை இதே தட்டில் வைக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் காழியை நியமிப்பது நீதிச் சேவை ஆணைக்குழு. ஆகவே அவருடைய மன்றும் நீதி நிருவாகத்துக்கான நிறுவனமே என்று வாதிடலாம். விடயம் குடும்பம் என்பதால் வெளியாருக்கு அந்த ஏடு மூடியிருப்பது சரி. ஆனால் பல காழிமாருக்கு அரசு கட்டடம் கிடையாது. வழக்கு வீட்டில் நடக்கிறது, ஏடும் வீட்டில் இருக்கிறது. சட்டத்தரணி தோன்றவும் அந்தச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. காழிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யவோ, தாபரிப்புப் பணத்தை நீதவான் நீதிமன்றம் மூலம் அறவிடவோ ஒரு பெண்ணுக்குத் தன் சொந்த வழக்கின் பிரதி வேண்டும். காழி மாறிய பின் அந்த ஏட்டை எந்த வீட்டில் தேடுவது? இங்கே சண்டை திறந்த ஏட்டுக்காக அல்ல, பூட்டும் முகவரியும் உள்ள ஓர் அலுமாரிக்காக. அந்த ஏடுகளைப் பிரதேச செயலகத்தில் வைப்பது பற்றியாவது பேசத் தொடங்கலாம்.

காணி ஏடுகளுக்கு அவகாசம் குறைவு. தகவலறியும் உரிமைச் சட்டத்தின் அதே 7ஆம் பிரிவு, அச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் இருந்த ஏடுகளைக் குறைந்தது 10 ஆண்டுகளும், பின்னர் உருவானவற்றைக் குறைந்தது 12 ஆண்டுகளும் பேணச் சொல்கிறது. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆட்சியுரிமை பழுக்கவே 10 ஆண்டுகள் வேண்டும்; காணிப் பிணக்கு தலைமுறை கடந்துதான் மேலே வரும். தகவலறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2017 பெப்ரவரி 3இலிருந்து எண்ணினால், எண்பதுகளின் அந்தப் பங்கு வழக்கேட்டுக்கு 7ஆம் பிரிவு தரும் காவல் 2027 பெப்ரவரியில் முடிகிறது.