எல், ஓ... அப்புறம்?

வெளியூரிலிருந்து வீட்டுக் கணினிக்குள் நுழைய முயன்று முடியாமற்போனால், "நீ தவறாகத் தட்டியிருப்பாய்" என்று பிள்ளையைக் கடிந்து கொள்கிறோம். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய முயன்ற ஓர் இரவின் வரலாறு வேறொன்றைக் கூறுகிறது.

1969 அக்டோபர் 29. லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர் சார்லி கிளைன், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகக் கணினிக்குள் நுழைய, 'லாகின்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டலானார். மறுமுனையில் பில் டுவால். இருவரும் தொலைபேசியில் பேசியவாறே எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தனர். 'எல்' வந்தது. 'ஓ' வந்தது. 'ஜி' தட்டியதும் ஸ்டான்ஃபோர்டுக் கணினி முடங்கியது.

கிளைன் தவறிழைக்கவில்லை. எஞ்சிய எழுத்துகளை அக்கணினி தானே நிரப்பி, ஒருசேரத் திருப்பியனுப்ப முற்பட்டது. ஓரெழுத்துக்கென ஒதுக்கிய இடம் அவற்றுக்குப் போதவில்லை. டுவால் அதனைத் திருத்தவே, அன்றிரவே இணைப்புக் கிட்டியது.

எழுத்தெழுத்தாகச் சோதித்தமையாற்றான் பிழையின் இடம் புலப்பட்டது. நாமும் வீட்டுக் கணினி உறக்கநிலையில் உள்ளதா, இணைய இணைப்பு உண்டா, பயனர் பெயர் சரியா, கடவுச்சொல் சரியா என வரிசையாக ஆராய்வோம். அதன் பின்னரே ஆளைக் குறை சொல்வோம். வகுப்பறைக் கணக்கிற்கும் இம்முறை பொருந்துமன்றோ!