கொலஸ்ட்ரால் மாத்திரையும் சர்க்கரையும்: வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு?



"கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டா சுகர் வந்துடுமாமே, நிறுத்திட்டேன்" என்று மாலை நடையில் சிலர் சொல்லக் கேட்கிறேன். போன வருடம் நானும் அதைத்தான் செய்தேன். அட்டோர்வாஸ்டாட்டினை டாக்டர் 10 மில்லிகிராமிலிருந்து 40 ஆக்கினார். சில மாதங்களில் சுகர் எல்லைக்கோட்டைத் தொட்டது. பயந்துபோய், யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். அடுத்த பரிசோதனையில் கொலஸ்ட்ரால் எகிறியிருந்தது. டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதன் பிறகுதான் இந்த மாத்திரையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ஜப்பானின் அகிரா எண்டோ சுமார் 6,000 பூஞ்சைகளைச் சோதித்து, 1973-இல் முதல் ஸ்டாட்டினைக் கண்டுபிடித்தார். 1987-இல் அமெரிக்கா லோவாஸ்டாட்டினுக்கு அனுமதி தந்தது. 1994-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, சிம்வாஸ்டாட்டின் உயிரிழப்பைக் குறைப்பதை நிரூபித்தது.

சர்க்கரை பற்றிய பேச்சு பிறகே வந்தது. 2001-இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்றில், மாத்திரை எடுத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைவாகவே வந்திருந்தது! ஆனால் 2008-இல் ஜூபிட்டர் ஆய்வு வேறு கதை சொன்னது. ரோசுவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் எடுத்தவர்களில் 270 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்த அதே எண்ணிக்கையினரில் 216 பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது. 2010-இல் 13 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஆபத்து 9 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது.

டோஸ் கூடினால்? அதற்கு 2011-இல் பதில் கிடைத்தது. நடுத்தர டோஸுக்குப் பதில் அதிக டோஸை 1,000 பேர் ஓராண்டு எடுத்தால், கூடுதலாக இரண்டு பேருக்குச் சர்க்கரை நோய் வரும். ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஆறேழு குறையும். 2012-இல் அமெரிக்க மருந்துத் துறை, சர்க்கரை கூடலாம் என்ற எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்த்தது; மாத்திரையைத் தடை செய்யவில்லை. புதிதாகச் சர்க்கரை நோய் வருபவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே எல்லைக்கோட்டருகே இருந்தவர்களே என்று 2024-இல் வந்த ஆய்வும் சொல்கிறது.

வங்கியில் பேரேடு எழுதியவன் சொல்கிறேன்: செலவுப் பத்தியை மட்டும் பார்த்துக் கணக்கை முடிக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மூன்று மாத சராசரி சர்க்கரையான ஹெச்பிஏ1சி பரிசோதனை செய்து, அந்த ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போய், "இந்த டோஸ் எனக்குத் தேவையா?" என்று கேளுங்கள். நான் கேட்டேன். இப்போது 20 மில்லிகிராமும், தினமும் நம் வளாகத்தைச் சுற்றி ஆறு சுற்று நடையும். காலையில் வாருங்கள், சேர்ந்தே நடப்போம்.